தரையில் நிற்கும் கூரைக்காரன்

டிவியில "வங்கக்கடல்ல காற்றழுத்தத் தாழ்வு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும், எனக்கு போன் அடிக்க ஆரம்பிக்கும். கூரை வேலை அப்படிப்பட்ட வேலைங்க. சித்திரை வெயில்ல நானே வீடு வீடாப் போயி, "மழைக்கு முன்னாடி ஒருதடவை ஷீட்டைப் பாத்துடலாமா"ன்னு கேட்டா, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பாக்கற மாதிரி பாப்பாங்க. ஐப்பசி பொறந்து, வானம் கறுத்து, முதல் காத்து தகரத்தைத் தட்டினதும் அதே ஆளுங்க, "எங்கப்பா கீறே, உடனே வா"ம்பாங்க.

சிமெண்ட் ஷீட்டு, தகர ஷீட்டு, ஓடு, எதுவா இருந்தாலும் சரி. புயலுக்கு முன்னாடி போல்ட் முடுக்கி, கம்பி கட்டி, மணல் மூட்டை ஏத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் குடுக்கறது நம்ம வேலை. திருத்தணியைச் சுத்தி நான் பாக்காத கூரை கம்மி. உங்க வீடும் ஒழுகுற வீடுன்னா, சொட்டுற இடத்துல பக்கெட்டை வெச்சுட்டு வந்து உக்காந்து படிங்க. நாமெல்லாம் ஒரே ஜாதி.

கூரை வழியா வந்த விருந்தாளி

கே.ஜி.கண்டிகையில வேர்க்கடலை போடற ஒரு குடியானவர் வீடு. பழைய சிமெண்ட் ஷீட்டு. அதுல நடக்கறதுக்கு ஒரே ஒரு விதிதான். போல்ட் தெரியற வரிசையில மட்டும் கால் வைக்கணும், ஏன்னா அதுக்கு அடியிலதான் கட்டை ஓடும். நடுவுல வெச்சா அப்பளம் மாதிரி நொறுங்கும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுத்தவன் நான். அன்னிக்கு மேல நிக்கும்போது போன் அடிச்சுது. யாரோ இன்னொரு ஒழுகுற வீட்டுக்காரர். "வரேங்க, வரேங்க"ன்னு சொல்லிக்கினே ஒரு அடி தள்ளி வெச்சேன்.

அடுத்தது எனக்குத் தெரிஞ்சது அவங்க அடுப்பங்கரை. பாதி உடம்பு வேர்க்கடலை மூட்டை மேல, இடுப்பு தரையில. வீட்டம்மா குழம்புக் கரண்டியைப் பிடிச்சுகினு சிலை மாதிரி நிக்குது. குடியானவர் வெளியிலிருந்து ஓடி வந்தார். என்னைப் பாத்தார், மேல தெரிஞ்ச வானத்தைப் பாத்தார், மறுபடி என்னைப் பாத்தார். அவர் மனசுல எது பெரிசுன்னு அவரே யோசிக்கற மாதிரி இருந்துச்சு. அப்புறம் குனிஞ்சு, ரொம்ப மரியாதையாக் கேட்டார்: "அண்ணே, அடி பலமா? அது இருக்கட்டும், இந்த ஷீட்டை இன்னிக்கே மாத்திடுவீங்கல்ல, சாயந்திரம் மழைன்றாங்க."

கற்பூரத்து மேல சத்தியம்

இடுப்பெலும்புல விரிசல். டாக்டர் எக்ஸ்ரேவைத் தூக்கிக் காட்டி, "இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடப்பாரான்னு என்னால சொல்ல முடியாது"ன்னார். இதை என்கிட்ட சொல்லியிருந்தா நான் காதுல வாங்காம இருந்திருப்பேன். அவர் என் வீட்டுக்காரி வசந்தாகிட்ட சொல்லிட்டார். அந்த நிமிஷத்துலருந்து அவ மூஞ்சியில சிரிப்பு போச்சு.

நான் தள்ளாடி நடக்க ஆரம்பிச்ச முதல் கிருத்திகைக்கே ஆட்டோ வெச்சு மலைக்குக் கூட்டிக்கினு போனா. வேண்டுதல் நிறைவேத்தத்தான் போறோம்னு நெனச்சு நானும் நல்ல சட்டை போட்டுக்கினு போனேன். அங்க போனா அவளே கற்பூரம் ஏத்தி, "இனிமே எந்தக் கூரை மேலயும் கால் வைக்க மாட்டேன்னு முருகன் முன்னாடி சொல்லு"ன்றா. சுத்தி அத்தனை ஜனம், காவடி எடுத்தவங்க, மொட்டை போட்டவங்க, எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. சொல்லித் தொலைச்சேன்.

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. ஏன்னா எங்க ஊர்ல இந்தச் சத்தியத்தைத் திருட்டுத்தனமாக் கூட மீற முடியாது. எந்தக் கூரை மேல ஏறி நின்னாலும் மலை தெரியும். நமக்கு மலை தெரிஞ்சா மலைக்கு நாம தெரிவோம். கீழ எறங்கி வரும்போது ஆட்டோவுல உக்காந்துகினு, "ஏறாம கூரைக்காரன் எப்படிடி பொழைக்கிறது"ன்னு கேட்டேன். அவ ரோட்டைப் பாத்துகினே சொன்னா: "வாய் இருக்குதில்ல. ஊருக்கே கேக்கற மாதிரி கத்துறியே, அத வெச்சுப் பொழை."

புயல் எந்த மாநிலத்துக்குப் போவும்

வாயை வெச்சு ஏற முடியாதே. ஏறறதுக்கு என் அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஆந்திரா எல்லையைத் தாண்டி நகரியில இருக்கார். எங்க வீட்ல தெலுங்கும் தமிழும் கலந்து ஓடறதால அவரை நாங்க பாவான்னுதான் கூப்பிடுவோம். ஐம்பதைத் தாண்டியும் ஓணான் மாதிரி ஏறுவார். தமிழ் நல்லாப் பேசுவார், ஒரு எழுத்து படிக்க வராது. சாப்பாடு லேட்டானா கூரையிலேயே உக்காந்துடுவார், எறங்க மாட்டார். மத்தபடி தங்கம். அவர் மேல, நான் கீழ. அண்ணாந்து அண்ணாந்து கத்தி என் கழுத்து ஒரு பக்கமா நின்னு போச்சு.

கனகம்மாசத்திரத்துல ரோட்டோர டிபன் கடை. முன்பக்கத் தகரம் காத்துல கைதட்டிகினு இருந்துச்சு. கடைக்காரர் ஒரு போல்ட் கூட போட விடல. "இன்னாத்துக்குப்பா வீண் செலவு. டிவியில என்ன சொன்னாலும் கடைசியில எல்லாப் புயலும் ஆந்திராவுக்குத்தான் போவும்"ன்னார். பெஞ்சுல இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. எனக்கு நாக்கு துறுதுறுன்னுச்சு, அதுக்குள்ள ஏணி மேல நின்னுகினு இட்லி சாப்பிட்ட பாவா முந்திக்கினார். வாயைத் துடைச்சுக்கினு நிதானமாச் சொன்னார்: "எங்க நகரியில தமிழ்நாட்டுக்குப் போவும்னு சொல்லிட்டுப் படுத்துனு இருக்காங்க அண்ணா. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அதுவரைக்கும் அது நடுவுல நிக்கும்."

பொரி சாக்கு

நடுவுலன்னா எங்க ஊர்தான். அந்தப் புயலுக்கு மலையடிவாரத்துல சரோஜாக்கா வீட்டுக்கு மூட்டை ஏத்தினோம். அக்காவுக்கு பூஜை சாமான் கடை. தேங்காய், பழம், கற்பூரம், பொரி. வீடு கடைக்குப் பின்னாடியே, தகர ஷீட்டு. "மணலுக்குச் சாக்கு வேணுமேக்கா"ன்னு கேட்டேன். நல்ல வெள்ளைச் சாக்கா ஒரு கட்டு எடுத்துப் போட்டாங்க. நான் கீழ இருந்து இடம் சொல்லச் சொல்ல பாவா வரிசையா அடுக்கினார். எங்க வேலையில இவ்வளவு அழகா ஒண்ணு அமைஞ்சதில்லன்னு நானே கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன்.

மறுநாள் விடிஞ்சதும் போன். போனா, ஒரு மூட்டை முழுசா இல்ல. அத்தனையையும் குரங்குங்க கிழிச்சு, ஷீட்டெல்லாம் மணல், தெருவெல்லாம் மணல், அக்கா வீட்டுத் தண்ணி டிரம்முல பாதி மணல். ஒரு தாட்டியான குரங்கு கூரை உச்சியில உக்காந்து, கையில மணலை அள்ளி அள்ளிப் பாத்துட்டு, எங்களை ஒரு மாதிரி பாத்துச்சு. மோந்து பாத்தாத்தான் எனக்கு விளங்குச்சு. அத்தனையும் பொரி வந்த சாக்கு. இந்த மலைக் குரங்குக்குப் பொறந்ததுலருந்து தெரிஞ்ச வாசனை அது. குரங்குங்களைத் திட்டித் தீத்துட்டு, "மணலுக்குச் சாக்கு கேட்டா பொரி சாக்கைக் குடுப்பியாக்கா"ன்னு நான் காட்டுக் கத்தல் கத்தினேன். சரோஜாக்கா டிரம்மைக் கவுத்துகினே சொன்னாங்க: "அதுங்கள எதுக்குத் திட்டறே தம்பி. பொரின்னு சொல்லி மண்ணைக் குடுத்தது நாமதானே, கோவம் வராதா."

அம்மியை எங்க வைக்கறது

ஆர்.கே.பேட்டையில ஒரு விசைத்தறி வீடு. தறி ஓடற கொட்டகைக்குச் சிமெண்ட் ஷீட்டு, அதை ஒட்டினாப்புல வீடு. மழை விடாம கொட்டிகினு இருந்ததால மணலெல்லாம் சேறு. "சுவர் மேல வர்ற ஓரத்துல வைக்க வேற கனமான சாமான் ஏதாவது இருக்குதா"ன்னு கேட்டேன். கொல்லையில ஒரு பழைய அம்மி. மிக்ஸி வந்ததுலருந்து அதுல கோழிதான் உக்காருது. பாவா அதைத் தூக்கினதும் அந்த வீட்டு மாமியார் குறுக்க வந்து நின்னுட்டாங்க. அம்மி லட்சுமியாம், அதைத் தூக்கி ஜனங்க தலைக்கு மேல வெச்சா குடும்பம் விளங்காதாம்.

மருமக அங்கேயே நின்னு சண்டைக்குப் போச்சு. "கல்யாணத்துல என்னை அது மேல காலை வைக்கச் சொன்னீங்க, அப்ப லட்சுமி இல்லையா"ன்னு கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் பழைய கணக்கையெல்லாம் எடுத்துட்டாங்க. வளைகாப்புக்கு யார் வரல, தீபாவளிக்கு யார் பேசலன்னு எங்கெங்கயோ போவுது. பாவா அம்மியைக் கையில தூக்கிப் பிடிச்சுகினு, எந்தப் பக்கம் தீர்ப்பு வரும்னு நிக்கறார். பாவம், முதுகு வளையுது. எனக்குப் பொறுக்கல. "இங்க பாருங்கம்மா, புயல் வந்துகினு இருக்குது, இன்னும் கால் மணியில கூரையே இருக்காது, லட்சுமி எங்க உக்காருவாங்க"ன்னு ஒரு சத்தம் போட்டேன். மாமியார் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாங்க: "தறிக்கு மேல வெச்சுக்கோ. அதுக்குத் தலை கிடையாது."

கூரை மேல ஸ்டீபன் சார்

ஸ்டீபன் சார் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். மலைப் படிக்குக் கீழ வீடு. புயலுக்கு அவர் தயாராகற மாதிரி கல்யாணத்துக்குக் கூட ஜனங்க தயாராக மாட்டாங்க. புரட்டாசியிலேயே மெழுகுவத்தி, டார்ச், பிஸ்கட், அரிசி, மாத்திரை எல்லாம் தனித்தனி டப்பாவுல போய் உக்காந்துடும். அந்த வருஷம் தார்ப்பாய் மட்டும் பத்தல. "பரண்ல ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் இருக்குதுப்பா, நல்ல கனம்"னு சுருட்டி வெச்சிருந்ததை எடுத்துக் குடுத்தார்.

"வழவழன்னு இருக்கற பக்கத்தை மேல போடுங்க பாவா, தண்ணி நிக்காம ஓடும்"னு நான் கீழ இருந்து கத்தினேன். பழைய மாதிரி நான் ஏறியிருந்தா அதுல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்திருப்பேன். பாவா பாத்தார், ஆனா அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "சார் போட்டோ போட்டிருக்குது, பொறந்தநாளுக்கு அடிச்சதுபோல"ன்னு சந்தோஷமாச் சொன்னார். நானும் சரின்னுட்டேன்.

அது சாரோட போட்டோ இல்லீங்க. போன வருஷம் காலமான அவர் அண்ணனோடது. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே கண்ணாடி. மேல கொட்டை எழுத்துல கண்ணீர் அஞ்சலி, பேரு இருந்த ஓரம் மணல் மூட்டைக்கு அடியில. மழை விட்டு மறுநாள் மலைக்குப் போனவங்க எல்லாரும் படியில நின்னு கீழ பாத்திருக்காங்க. மத்தியானத்துக்குள்ள பழைய மாணவங்க மாலையோட வாசல்ல கூடிட்டாங்க. கதவைத் தொறந்தது சார். ஒரு அம்மா மயங்கியே விழுந்துச்சு. விஷயம் கேள்விப்பட்டு நான் தலையைத் தொங்கப்போட்டுகினு போனேன், சரியா வாங்கப் போறோம்னு. சார் அத்தனை பேருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு, நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தார். "எங்க அண்ணன் சாவுக்கு வராதவங்க கூட என் சாவுக்கு வந்துட்டாங்கப்பா, மனசு நிறைஞ்சு போச்சு"ன்னார்.

ரெண்டாவது படி

இதையெல்லாம் கேட்டு நான் ரொம்ப ஜாலியாப் பொழைக்கறேன்னு நெனச்சுடாதீங்க. இருபத்தஞ்சு வருஷம் கூரை மேல திரிஞ்சவனுக்குத் தரையில நிக்கறது சிறை. பாவா ஒரு போல்ட்டைத் தப்பாத் திருகினா என் கை தானாத் திரும்பும். அதுக்கு மேல வசந்தா. எந்த ஊர்ல வேலைன்னாலும் மத்தியானம் சாப்பாட்டுக் கூடையோட வந்துடுவா. வந்ததும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டா, குனிஞ்சு உள்ளங்காலைப் பாப்பா. ஷீட்டுத் தூசி ஒட்டியிருக்குதான்னு சோதனை. வேலை நடக்கற இடத்துல ஜனங்க சிரிப்பாங்க.

ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்ல தார்ப்பாய்க் கயிறு உச்சியில சிக்கிடுச்சு. பாவா இழுக்கறார், வரல. காத்து ஏறிகினே போவுது. நான் சொல்றது அவருக்குக் கேக்கல. சரி, கொஞ்சம் கிட்டப் போயி சொல்லலாம்னு ஏணியில ரெண்டாவது படிதான் ஏறினேன், சத்தியமா ரெண்டாவது படி. பின்னாடி கூடை வைக்கற சத்தம். நான் திரும்பாமலே, "கூரையிலதான் கால் வைக்கக் கூடாதுன்னு சத்தியம், இது ஏணி"ன்னேன். வசந்தா மேல பாத்து, "அண்ணா, போல்ட் வரிசையில கால் வெச்சு அந்தப் பக்கமாப் போயி இழுங்க"ன்னா. நான் சொல்ல இருந்ததை அப்படியே சொல்றா. கயிறு வந்துடுச்சு. அப்புறம் என்கிட்ட திரும்பினா: "இந்த ஏணி எங்க போவுது, கடைத்தெருவுக்கா?"

எங்க வீடு

போன கார்த்திகை. என் பொண்ணு காயத்ரி பிரசவத்துக்கு வந்திருந்தா. பேத்தி பொறந்து இன்னும் தொப்புள்கொடி கூட விழல. பச்சைப்புள்ளைக்குக் காத்துப் படக் கூடாதுன்னு ஜன்னலைச் சாத்தி, காதை மறைச்சுத் துணி கட்டி, ஃபேனைப் போட விடாம வசந்தா காவல் இருந்தா. புயல் வருதுன்னாங்க. ஊர்ல எல்லார் கூரையும் கட்டியாச்சு, எங்களுது பாக்கி. காலையில பாவா வந்து முடிக்கறதாப் பேச்சு. காலையில அவர் போன்தான் வந்துச்சு. நகரி ரோட்ல மரம் விழுந்து பஸ்ஸு நின்னு போச்சாம்.

மத்தியானம் காத்து வந்துடுச்சு. புள்ளை படுத்திருக்கற அறைக்கு மேல ஓர ஷீட்டு எழும்பி எழும்பி அடிக்குது. துருப்பிடிச்ச போல்ட், நட்டு கழண்டுடுச்சு. அந்த ஒண்ணு பறந்தா வரிசையாப் பறக்கும், எனக்குத் தெரியாதா. எதிர் மாடி வீட்டுக்குத் தூக்கிக்கினு ஓடலாம்னா தெருவுல மழை ஆளையே தள்ளுது. பக்கத்து வீட்டு ஆம்பளைங்க காலை ரயிலுக்கு மெட்ராஸ் போனவங்க. சத்தியமாவது ஒண்ணாவதுன்னு ஏணியைச் சாத்தி ஒரு காலை வெச்சேன். வசந்தா பின்னாடி சட்டையைப் பிடிச்சுக்கினா. "விடுடி, உள்ள புள்ளை இருக்குது"ன்னேன். "சத்தியம் பண்ணது நீ. நானா பண்ணேன்?"னு என்னை ஒதுக்கித் தள்ளிட்டு, புடவையை வரிஞ்சு கட்டி, கட்டிங் பிளேயரையும் கட்டுக்கம்பியையும் இடுப்புல சொருகிக்கினு ஏறிட்டா.

ஏணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுகினு அண்ணாந்து நின்னேன். இத்தனை கூரைக்குக் கத்தின வாய்ங்க இது, அன்னிக்கு ஒரு சத்தம் வரல. "போல்ட் வரிசை, போல்ட் வரிசை"ன்னு தனக்குத் தானே சொல்லிக்கினு அவதான் நகர்றா. ஒரு காத்து அடிச்சுது. அவ அப்படியே குப்புறப் படுத்துட்டா. என் அடிவயித்துல யாரோ கையை விட்டு முறுக்கின மாதிரி இருந்துச்சு. இடுப்பு உடைஞ்ச அன்னிக்குக் கூட நான் அழல, அன்னிக்கு மழையோட மழையா அழுதேன். காத்து அடங்கினதும் அவ எழுந்து, ஷீட்டைக் கட்டையோட சேர்த்துக் கம்பி போட்டு முறுக்கினா. கயிறு விட்டா. நான் மூட்டை கட்டி அனுப்ப அனுப்ப இழுத்து இழுத்து வெச்சா. சரியா உக்காந்துதான்னு கேக்கணும், அது வரல வாயில. "போதும், எறங்கு வசந்தா, எறங்கு"ன்னு அதையே சொல்லிகினு இருந்தேன். அவ முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கினு, மேல இருந்து குனிஞ்சு என்னைப் பாத்தா: "இத்தினி வருஷமா நான் கீழ நின்னுகினு இருந்தது இப்படித்தான்யா. வயிறு எப்படி இருக்குதுன்னு இப்பத் தெரியுதா?"

ஷீட்டு நின்னுச்சு, பேத்தி தூக்கத்துலருந்து முழிக்கவே இல்ல, வந்த கிருத்திகைக்கு நான்தான் ஆட்டோ வெச்சு வசந்தாவை மலைக்குக் கூட்டிக்கினு போயி அதே மாதிரி கற்பூரத்து முன்னாடி நிக்க வெச்சேன். ஆக, ஏறக் கூடாத ரெண்டு பேர் தரையில நின்னு கத்திகினே நடத்தற ஒரே கூரைக் கம்பெனி இந்தத் தாலுகாவுல எங்களுதுதான்.